கெங்கம்மா முழம்

அந்த ஒயர்மேன் சுப்பராயன் மூஞ்சியைப் பார்த்ததுமே எனுக்கு சந்தேகம். இருக்காதா பின்னே? என் வூட்டுக்காரரு அப்பாவு, ராயபுரத்துல ஒரு பங்களாவுல தோட்டக்காரரு. ஈர மண்ணுல வெறுங்காலோட நின்னு நாள்பூரா கொத்துறவரு. சொதந்திரம் வந்து ஆறாம் வருசம், அந்த மண்ணுக்குள்ளாற பம்ப் ஷெட்டுக்குக் கரண்டு ஒயர் பொதைக்க ஆள் வந்தா, நான் சும்மா வுட்டுடுவேனா?

"ரெண்டு முழம் ஆழம் போட்டா ஒண்ணும் ஆவாதுக்கா"ன்னான் சுப்பராயன்.

சொல்றதுக்கு இன்னா, சொல்லிடுவான். தோண்ட இடுப்பு வளையணுமே! கல்மண்டபத்தாண்ட பூக்கூடையைப் போட்டுட்டு வந்து, அவன் தோண்டுன பள்ளத்தாண்டயே குந்திக்கினேன். அவன் அளக்க டேப்பை எட்த்தான்.

"அய்யே, டேப்பும் உன்னுது, இழுக்குறதும் நீயா? உள்ள வெய்யி! முப்பது வருசமா பூ அளக்குற கை இது. நானே அளக்குறேன்."

முழங்கையை ஊணி அளந்தேன். ஒண்ணு, ரெண்டு. சரியா இருந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் தோண்டிடலாம்க்கா"ன்னு இழுத்தான்.

"இன்னாத்துக்கு? நாளைக்கும் வந்து கூலி வாங்கலாம்னா? மூடு நைனா!"

ஒயரைப் போட்டு அதும்மேல செங்கல் அடுக்கினான். அதுவும் எனுக்குப் புடிக்கல. "எவனாச்சும் கொத்துனா கல்லு மொதல்ல தடுக்கும்"ன்னான்.

மறுவாரம் கஞ்சி எட்த்துகினு போறேன், இவரு வாழைக்குழி தோண்டிகினு இருக்காரு. ஒயர் ரெண்டு முழத்துல கீதே, ஒண்ணே கால் முழம் தோண்டினா இன்னாங்குற தைரியம். கடப்பாரை ணங்குன்னுது. செங்கல் ரெண்டா பொளந்து, சந்துல கறுப்பா ஒயர். அந்தக் கல்லு மட்டும் இல்லன்னா என் மனுசன் அங்கயே கரிக்கட்டை.

"அடப் பாவி!"ன்னு ஓடுனேன். பம்ப் ஷெட்டாண்ட இருந்த சுப்பராயனைச் சொக்காயைப் புடிச்சு இழுத்தாந்தேன். அவன் குழிக்குள்ள தன் கையை வெச்சு, விரல் நுனி வரைக்கும் அளந்தான்.

"ஒண்ணே கால் முழம்தான் கீது. நீ அளந்து பாருக்கா."

அளந்தேன். ஒண்ணு, ரெண்டு. அப்டியே ரெண்டு!

அவன் என் கையையே பார்த்தான். இவரும் பார்த்தாரு. அப்பறந்தான் நான் பார்த்தேன். விரல் அஞ்சும் உள்ளங்கைக்குள்ள மடங்கி இருந்துச்சு. சத்தியமா நான் மடக்கல. பூ அளந்து அளந்து தானா மடங்கிக்கிச்சு.

"விரலை நீட்டு கெங்கா"ன்னாரு இவரு, மெதுவா.

இன்னொரு கையால புடிச்சு, ஒவ்வொண்ணா நீட்டுனேன்.

"சுப்பராயா, அந்த டேப்பை எடு நைனா"ன்னேன்.