மலை வேகம்

ஒடுகத்தூர் வெயிலில் ஒரு இசைத்தட்டை அரை நாள் மறந்து வைத்தால் போதும், அப்பளமாகிவிடும். அப்படி நெளிந்துபோன ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சக்கரவர்த்தி நடுத்தெருவில் நின்றதைப் புருஷோத்தமன் தன் கண்ணால் பார்த்தவர். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ நடந்துவிட்டதென்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கே நண்பர்கள் மூன்று பேரும் முடிவு கட்டினார்கள்: இருக்கிற ஜாஸ் ரெக்கார்டுகள் நானூற்றுப் பத்தும் ஜவ்வாது மலைக்குப் போகட்டும், மனிதர்கள் வேண்டுமானால் கீழே வேகட்டும். இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

மலையில் இருந்தது புருஷோத்தமனின் வீடு. அங்கேயே பிறந்தவர். முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, இப்போது சாமை விதைத்துக்கொண்டு மனைவி சகுந்தலாவோடு இருக்கிறார். அவருக்கு ஜாஸ் பிடித்ததே கம்பத்தின் உச்சியில்தான். காட்பாடி ரயில்வே காலனியில் ஒரு மத்தியானம் தெருவிளக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு சாக்ஸபோன் கிளம்பி வந்தது. வேலை முடிந்தும் மனிதர் இறங்கவில்லை. ஷாக் அடித்துவிட்டது என்று கீழே கூச்சல் போட்டார்கள். அந்த ஜன்னல், டிக்கெட் பரிசோதகர் சக்கரவர்த்தி வீட்டு ஜன்னல். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுச்சென்ற தட்டுகளையெல்லாம் அவர் வாங்கிச் சேர்த்திருந்தார். அன்று ஆரம்பித்த சிநேகம் இது. ஓய்வு பெற்றதும் சக்கரவர்த்தி தட்டுகளோடு ஒடுகத்தூருக்கே குடிவந்துவிட்டார்.

மூன்றாவது ஆள் ரேணுகாதேவி. ஒடுகத்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒரு பாட்டைக் கேட்டால் வாசித்தவருக்கு என்ன வியாதி என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "இவருக்கு மூச்சு எடுக்கிறதுலயே கஷ்டம் தெரியுது பாருங்கண்ணா. ஆஸ்துமா" என்பார். சக்கரவர்த்தியோ எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிவிடுவார். "அதெல்லாம் இல்லம்மா. பாசஞ்சர் வண்டி. ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு நின்னு போறாரு." டிரம்ஸ் முக்கியமா, பியானோ முக்கியமா என்று ஒருமுறை ஆரம்பித்த சண்டையில் இரண்டு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்து, ஒரே அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் இறங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி வந்தால் நாலு மணி பஸ்ஸில் இறங்குவார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே கைக்கடிகாரமும் செல்போனும் கதவோரக் கூடைக்குள் போய்விட வேண்டும். அது சக்கரவர்த்தி போட்ட சட்டம். பாட்டுக் கேட்கிற இடத்தில் மணி பார்க்கிறவன் ரயிலுக்குக் காத்திருக்கிறவன் என்பது அவர் கட்சி. ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் மேகம் நேரே உள்ளே வந்து நாற்காலிகளுக்கு நடுவில் நிற்கும். எதிரே இருப்பவர் முகம் தெரியாது, சாக்ஸபோன் மட்டும் கேட்கும். கேட்கிறோமா, தூங்குகிறோமா, தூக்கத்தில் கேட்கிறோமா என்று பிடிபடாத ஒரு நிலை. வாரம் பூராவும் அதற்காகத்தான் புருஷோத்தமன் உயிர் வைத்திருந்தார்.

சக்கரவர்த்தியின் பழைய பிளேயர் நினைத்தால் ஓடும், நினைத்தால் நொண்டும்; எது சரியான வேகம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மலை ஏறின வாரமே அது செத்துப்போக, சிகாகோவிலிருந்து வந்த அவர் மைத்துனர் ஒரு பிளேயர் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்க மிஷின், நூற்றுப்பத்து வோல்ட். நம் ஊர் கரண்டில் நேரே செருகினால் புகைந்துவிடும். புருஷோத்தமன் அலட்சியமாகச் சிரித்துவிட்டு, வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தானே பூட்டிக் கொடுத்தார். முதல் தட்டு சுழன்றதும் மூவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு கனம், அப்படி ஒரு நிதானம்.

அதற்கு அவர்களே வைத்த பெயர்தான் மலை வேகம். செல்போனில் அதே பாட்டைக் கேட்டால் கீச்சென்று ஓடுகிறதே என்று யாராவது கேட்டுவிடக் கூடாது. சக்கரவர்த்தி பிடித்துக்கொள்வார். "இப்ப இருக்கிற ஜனங்களுக்கு அவசரம். கம்பெனிக்காரன் வேகத்தைக் கூட்டிட்டான். நெஜம் தட்டுலதான் கீது." மேலே காற்று லேசு என்பது ரேணுகாதேவியின் விளக்கம். பிளேயர் உட்கார்ந்திருக்கிற புளியமரப் பலகைதான் காரணம் என்று புருஷோத்தமனும் ரகசியமாக ஒரு கொள்கை வைத்திருந்தார்.

நானூற்றுப் பத்தில் ஒன்று மட்டும் சாமி மாதிரி. உறையில் ஆள் படம் இல்லை, மழையில் நிற்கும் ஒரு தெருவிளக்குதான். சாக்ஸபோன் வாசித்தவர் பெயர் ஆர்லன் பீட் என்று பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்கு வாய் வராது. பெரியவர் என்பார்கள். எழுபது வயசாவது இருக்கும், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், இதுதான் கடைசி வாசிப்பு என்றெல்லாம் பேசிப் பேசி அவருக்கு ஒரு வாழ்க்கையே கட்டிக் கொடுத்திருந்தார்கள். "பெரியவர் இன்னா சொல்றாரு இங்க?" என்று சக்கரவர்த்தி கேட்பார். "போதும்டா சாமின்றாரு" என்பார் ரேணுகாதேவி. மூவருமே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இப்போது பெங்களூரில் ரெக்கார்டு சேர்ப்பவர்கள் கூட்டம் ஒன்று. நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் சக்கரவர்த்தி பேசப் போகிறார். 'உலகம் தவறான வேகத்தில் கேட்கிறது' என்று தலைப்பே கொடுத்துவிட்டார். ஆதாரம் வேண்டுமே. புதன்கிழமை போன் போட்டார்.

"லைன்மேன், ஒரு உதவி. பெரியவரோட முதல் பக்கம் எத்தினி நிமிஷம் ஓடுதுன்னு பாத்து எழுதி வை. சட்டத்தை ஒரு நாளிக்கு ஒத்தி வெச்சிக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் புருஷோத்தமன் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உறையில் பதினெட்டு நிமிஷம் இருபது விநாடி என்று அச்சடித்திருந்தது. தட்டு முடிந்தபோது செல்போன் இருபத்திரண்டு நிமிஷம் காட்டியது. சரி, சக்கரவர்த்தி சொன்னது மெய்தான் என்று சந்தோஷமாக இன்னொரு தட்டைப் போட்டார். இருபது நிமிஷம் என்று அச்சிட்டது இருபத்துநாலு ஓடியது. அடுத்தது, பதினைந்து போட்டது பதினெட்டு. எந்தக் கம்பெனித் தட்டாக இருந்தாலும், அச்சில் ஐந்து நிமிஷம் என்றால் ஓடுவது ஆறு. ஐந்துக்கு ஆறு.

ஐந்துக்கு ஆறு என்பது மின்சாரக்காரனுக்குத் தெரியாத கணக்கா? பிளேயரைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் இருந்த தகட்டைத் துண்டால் துடைத்தார். நூற்றுப்பத்து வோல்ட் என்று போட்டதற்குப் பக்கத்திலேயே அறுபது என்று இருந்தது. அமெரிக்கக் கரண்ட் விநாடிக்கு அறுபது தரம் துடிக்கும், நம் கரண்ட் ஐம்பது தரம். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மோட்டார் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர, துடிப்பை மாற்றாது. ஐ.டி.ஐ.யில் முதல் வருஷம் படிக்கிற பாடம்.

காற்றும் இல்லை, புளியமரப் பலகையும் இல்லை. பதினோரு வருஷமாக நானூற்றுப் பத்துத் தட்டுகளையும் தப்பான வேகத்தில் ஓட்டியிருக்கிறார். வேறு யாராவது செய்திருந்தால் மன்னித்துவிடலாம். செய்தது லைன் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் பிளேயரை ஜன்னல் வழியே வீசியிருப்பார், கனமாக இருந்தது என்பதால் விட்டார்.

சகுந்தலா கேழ்வரகு புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "அதான் உங்க பாட்டெல்லாம் சுரம் வந்த மாதிரி இழுத்துக்கினு இருந்துதா?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சொல்லிடுங்க. அந்த மனுஷன் நூறு பேர் முன்னாடி போய் நின்னு அசிங்கப்படணுமா?"

"சொன்னா, அவங்க இனிமே மேல வரமாட்டாங்க சகுந்தலா. இந்த வேகத்துக்குத்தானே வர்றாங்க. வேற இன்னா கீது நம்ம வூட்ல?"

அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாவிட்டால் சிநேகிதன் மானம் போகும், சொன்னால் சிநேகிதமே போகும் என்று கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் பழைய டூல் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, மோட்டார் தலையில் பெல்ட் ஓடுகிற உருளையைச் சுற்றிச் சுற்றிக் கனமாக்கினார். ஏழாவது சுற்றில் பெரியவரின் முதல் பக்கம் பதினெட்டு நிமிஷம் இருபது விநாடிக்கு வந்து நின்றது. சத்தத்தை முழுக்கக் குறைத்து முள்ளை மட்டும் ஓடவிட்டுத்தான் பார்த்தார். தனியாகக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேகம் நன்றாக இறங்கியிருந்தது. சக்கரவர்த்தி செல்போனைக் கூடையில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுத்து விரித்தார். "நண்பர்களே, நான் மலையிலிருந்து வர்றேன்... எப்டி கீது ஆரம்பம்?"

"சாமியார் மாதிரி கீது" என்றார் ரேணுகாதேவி.

"டிடிஆரே" என்றார் புருஷோத்தமன். "அந்தப் பேச்சைப் பேச வேணாம்." அப்புறம் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அறுபது, ஐம்பது, ஐந்துக்கு ஆறு, டிரான்ஸ்ஃபார்மர். "தப்பு என்னுது. முழுசும் என்னுது."

சக்கரவர்த்தி பேச்சை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "போடு" என்றார். "சரியான வேகத்துல போடு."

முள் இறங்கியது. முதல் சுரத்திலேயே மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வந்தவர் பெரியவரே இல்லை. யாரோ ஒரு இளைஞன். படி இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வருகிறான், டிரம்ஸ்காரனைச் சீண்டுகிறான், பியானோ பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான். பெருமூச்சு என்று அவர்கள் அழுத இடம், கேலிச் சிரிப்பாக இருந்தது. "போதும்டா சாமி" என்று அவர் சொன்னதாக இவர்கள் சத்தியம் பண்ணிய இடத்தில், அவன் "இன்னொரு தரம்" என்று கேட்டு வாங்கி வாசித்துக்கொண்டிருந்தான்.

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆஸ்துமாவாவது ஒண்ணாவது! தம்பி நல்லாத்தான் கீறான். இத்தினி வருஷம் நாமதான் அவனைப் பாயில படுக்க வெச்சிட்டோம்!"

தம்பி என்று அவர் சொன்னது புருஷோத்தமனுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷம் மரியாதையோடு வாழ்ந்த ஒரு மனிதர் அந்த ஒரு சொல்லில் காணாமல் போனார். சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. தட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய், சாமை அறுத்த நிலத்தில் மேகத்துக்குள் நின்றார். சகுந்தலா சாப்பிடக் கூப்பிட்டாள். வந்து சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் மட்டும் சொன்னார். வேறு தட்டு எதுவும் போடச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு பக்கத்தோடு முடிந்த ஞாயிறு அது ஒன்றுதான்.

மூன்றரைக்கு பஸ் நிற்கிற இடம் வரை புருஷோத்தமன் கூடவே நடந்தார். புளியமரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் எங்கோ கீழே வளைவில் முனகுவது கேட்டது. இதுதான் கடைசி, இனிமேல் விசேஷத்துக்கும் சாவுக்கும் பார்த்துக்கொள்கிறவர்களாகிவிடுவோம் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"இன்னா லைன்மேன்," என்றார் சக்கரவர்த்தி, ரோட்டைப் பார்த்தபடியே. "மொத்தம் நானூத்திப் பத்து இல்ல?"

"ஆமா."

"அதுல ஒண்ணு இன்னிக்குக் கேட்டோம்."

"ஆமா."

"அப்ப மீதி நானூத்தி ஒம்போதையும் நாம இன்னும் கேட்டதே இல்ல." கோபமா என்று புருஷோத்தமன் பயந்து பார்த்தார். கோபமில்லை. முதல் சம்பளம் வாங்கினவன் முகம் மாதிரி இருந்தது அது. "எனக்கு எழுபத்திரண்டு ஆகுது. நின்னு பேச நேரமில்லய்யா. அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துடறோம்."

"அன்னிக்கு நீங்க பெங்களூர்ல பேசணுமே."

"அங்க கீறவங்கல்லாம் கேட்டு முடிச்சவங்க. அவங்ககிட்ட எனக்கு இன்னா வேலை?"

அதற்குள் பஸ் வந்து நின்று, ரேணுகாதேவி படியில் ஏறிவிட்டிருந்தார். "மொதல்ல எதைப் போடறதுன்னு இப்பவே சொல்லிட்டேன், பியானோதான்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "டிரம்ஸ்" என்று கத்திக்கொண்டே சக்கரவர்த்தி ஏறினார். பஸ் நகர்ந்து மேகத்துக்குள் போன பிறகும் உள்ளே சண்டை நடப்பது கொஞ்ச நேரம் கேட்டது.

புருஷோத்தமன் அங்கேயே நின்று, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதார். அப்புறம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்த சகுந்தலா, "இன்னாங்க, வருவாங்களா?" என்றாள்.

"முதல் பஸ்ஸுக்கே" என்றார் அவர்.