விரலளவு விலகல்

…இல்லை, நகரத்தான் செய்கிறது, தலையை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் சாய்த்தால் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அவன் காதுக்கு முன்னால் பொட்டு வைத்தாற்போல் நிற்கிறது, அந்தப் பக்கம் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கன்னத்தில் உட்கார்ந்துகொள்கிறது, துப்பாக்கியோ மணல் மூட்டையின் மேல் அம்மிக்கல்லாகக் கிடக்கிறது, எதிர்வீட்டு மாடிச் சமையலறையில் பெண்டாட்டியின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிற அவனும் அசையவில்லை, பின்னே இந்தச் சனியன் பிடித்த கோடு மட்டும் ஏன் உலாத்துகிறது? காலையிலிருந்து அவள் இந்தப் பல் டாக்டரின் அறையில் நீள மேசைமேல் குப்புறக் கிடக்கிறாள், காவல்துறையின் குறிசுடும் பிரிவில் இன்றைக்குப் பணியில் இருந்தவள் அவள்தான், ஜன்னல் திரை பாதி இழுத்திருக்கிறது, தெரு காலி, அலமாரியில் சாந்தில் செய்த பற்கள் வரிசையாக இளிக்கின்றன. அவன் கெட்டிக்காரன், முழு முகத்தைக் காட்டுவதில்லை, பெண்டாட்டி தலைக்குப் பின்னால் பதுங்கி ஒரு காது, ஒரு கண், நெற்றிப்பொட்டில் இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான். மீதி முகத்தை அவளே மனசுக்குள் போட்டுக்கொண்டாள், முறுக்கிய மீசை, தடித்த உதடு, பேசும்போது ஒரு பக்கமாகக் கோணுகிற வாய், அச்சு அசல் அக்கா புருஷன்.

பாரலாக்ஸ். பயிற்சியில் முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள், ஸ்கோப்புக்குள்ளே படம் ஓரிடத்தில் விழுந்து கோடு வேறோர் இடத்தில் இருந்தால் கண் நகர நகரக் கோடும் நகரும், குண்டு மட்டும் நீ பார்த்த இடத்துக்குப் போகாது, ஆகவே முதலில் வெறும் வானத்தைப் பார்த்துக் கண்பக்கத்து வளையத்தைத் திருகிக் கோட்டைத் தெளிவாக்கு, அப்புறம் பக்கத்துத் திருகால் படத்தைத் தெளிவாக்கு, கடைசியில் தலையை ஆட்டிப் பார். இன்றைக்கு அவள் என்ன செய்தாள்? நேரே பக்கத்துத் திருகைப் பிடித்தாள், படம் பளிச்சென்று வந்தது, போதும் என்றாள். வளையத்தை யார் தொடப்போகிறார்கள் என்ற எண்ணம். தொட்டவர் இதோ பக்கத்தில்தான் தொலைநோக்கியோடு குந்தியிருக்கிறார், அதே பிரிவின் மூத்தவர், கண்ணாடிக்காரர், நேற்றுப் பயிற்சியில் தன் துப்பாக்கி மக்கர் பண்ணுகிறது என்று அவளுடையதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கண்ணுக்குத் தகுந்தபடி வளையத்தைத் திருகிக்கொண்டார், திருப்பித் தரும்போது குழலைத் துடைத்துத் தந்தார், மகராசன், வளையத்தைப் பழையபடி வைக்கத் தோன்றவில்லை. அவர் குடுமியைப் பிடித்து இந்த மேசையிலேயே நாலு மோது மோதலாம், ஆனால் மனுஷனுக்குக் குடுமி என்ன, முடியே கிடையாது. அது சரி, அவர் தொட்டார், நீ ஏன் பார்க்கவில்லை? ஏன் பார்க்கவில்லை… அக்காவால்தான்.

காலையில், புருஷனை விட்டு வந்து தங்கியிருந்த அக்கா, அவள் வீட்டுக் கூடத்தில் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், சாயங்காலம் கிளம்பறேன்டி, அவரு இப்போ மாறிட்டாரு, அழுதாரு தெரியுமா, அடிக்கிற கைதானே அணைக்கும். அணைக்குமாம். அந்தக் கை எப்படி அணைத்தது என்று அவளுக்குத் தெரியாதா, எவர்சில்வர் பிளாஸ்கால் வாயில் ஒரே போடு, முன்பல் இரண்டும் தொட்டியில் விழுந்து கிடந்தன, அக்கா அவற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்ப ஒட்டிவிடலாம் என்பது போல. அன்றைக்கு அவள் அக்கா புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வாசல் கிராதியில் மண்டையை மோதினாள், இரும்பு கணகணவென்று அடித்தது, கை சூடாக இருந்தது, நன்றாக இருந்தது, யாரோ வந்து பிரித்துவிட்டார்கள், பிரிக்காமல் இருந்திருந்தால்… என்று அவள் நினைக்காத நாள் இல்லை. விசையில் வைத்திருக்கிற விரலும் அதே கையுடையதுதான். சின்னவளே, நீ அவரை ஒரே எடத்துலேருந்தே பாக்குற, அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள். எந்த இடத்திலிருந்து பார்த்தால் உன் பல் முளைக்கும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது, கோபத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

எதிரில் அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவன் அவள் தலைமுடியைப் பிடித்து அலமாரிக் கதவில் ஓர் இடி இடித்தான், சத்தம் இங்கே கேட்கவில்லை, வட்டத்துக்குள் வாய் மட்டும் திறந்தது, மூக்கிலிருந்து ரத்தம் இறங்கி மேலுதட்டில் தேங்கியது. சார், கோடு ஓடுது என்றாள் அவள். கண்ணாடிக்காரர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, என்னம்மா சொல்ற என்றார். வளையம் மாறியிருக்கு, நேத்து நீங்க… சரி, கண்ணை எடுத்துச் சரிபண்ணணும். அவர் தொலைநோக்கியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டார். பண்ணு, நான் பாத்துக்கறேன், சீக்கிரம். அப்படியானால் அவனை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் அவன் அறுத்துவிட்டால்? அறுக்க ஆரம்பித்தால் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, மற்றபடி மேலதிகாரி சொன்னால்தான் சுட வேண்டும், இதுதான் கட்டளை, ஆனால் அறுக்க ஆரம்பிக்கும்போது அவள் வானத்தையல்லவா பார்த்துக்கொண்டிருப்பாள்… குழலைத் தூக்கினாள், கூரைக்கு மேலே வெள்ளை வானம், அதில் கோடு பிசிறடித்துத் தெரிந்தது, வளையத்தைத் திருகினாள், இன்னும் கொஞ்சம், சட்டென்று முடி போல மெலிந்து கறுத்தது. இறக்கினாள், ஜன்னல், அடுப்பு, அவன். பக்கத்துத் திருகை மெல்ல, மெல்ல, படம் கனத்துத் தெளிந்தது, தலையை ஆட்டினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கோடு அசையவே இல்லை. ஆனால் இப்போது அது நிற்கிற இடம்? பழையபடி துப்பாக்கி இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள், நெற்றிப்பொட்டு இல்லை, இரண்டு விரல் தள்ளி, அந்தப் பெண்ணின் கண்ணோரம். கொஞ்ச நேரம் முன்பு உத்தரவு வந்திருந்தால் அவள் சந்தோஷமாக, ஆமாம், சந்தோஷமாகத்தான், அந்தப் பெண்ணைக் கொன்றிருப்பாள்.

கோட்டை இரண்டு விரல் அவன் பக்கம் நகர்த்தினாள். அவன். தலையைச் சாய்த்தாள், அவன்தான். எங்கேயிருந்து பார்த்தாலும் அவன்தான், கேட்டுக்கோ அக்கா, ஒரே இடத்திலிருந்து பார்க்கிறேனாம். காதில் மேலதிகாரியின் குரல், பொறுங்க, பேசிட்டிருக்கோம், எறங்கி வர்றமாதிரி இருக்கு. எதற்குப் பொறுக்க வேண்டும்? பொறுத்தார் பூமி ஆள்வாராம், பொறுத்த அக்கா என்னத்தை ஆண்டாள், பாதிப் பல்லோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கத்தி நுனி தோலில் அழுந்தியது, சிவப்பாக ஒரு துளி, அறுக்கிறானா? அறுக்கிறான் என்றே வைத்துக்கொள். அழுந்தினால் அறுப்பதுதானே? விசையின் தொய்வான முதல் பாதியை விரல் இழுத்துவிட்டது, இனி ஒரு மூச்சு பாக்கி, அறுடா, அறு, என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள், சொன்னது அவளுக்கே கேட்டது.

கத்தி கீழே விழுந்தது. அவன் கையை விட்டான், அந்தப் பெண் தரையோடு தரையாக நகர்ந்து வட்டத்தை விட்டு வெளியே போனாள், அவன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டான். கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார், முடிஞ்சுதும்மா, வெரலை எடு. அவள் ஏமாந்துபோனவள் போலக் கிடந்தாள், அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், சந்தோஷம் வர வேண்டாமா, வரவில்லை, தட்டில் போட்டதைப் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது. கோடு அவன் நெற்றிக்கு நடுவில் ஆணி அடித்ததுபோல் நின்றது, இவ்வளவு துல்லியமாக அவள் எந்தக் காலத்திலும் எதையும் சரிசெய்ததில்லை. அம்மா, எடுத்துட்டியா, என்றார் அவர் மறுபடியும். எடுத்துட்டேன் சார் என்றாள். எடுக்கவில்லை. அவன் முகத்தை நிமிர்த்தினான், முழு முகம், முதல் தடவையாக, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான், வட்டமான சின்ன முகம், வாய் கோணலில்லை, உதடு தடித்ததில்லை, மீசையே இல்லை. அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். இவன் யார்?