பனி இருந்த உயரம்

1

“ஏதோ ஒரு பாறையக் காட்டி, இதுதான் அந்த இடம்னு சொல்லப் போற. அதானே? வாயத் தொறந்து சொல்லு.”

“கத்தாத ஷோனா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே. அந்த அக்காவுக்குத் தெரியாம இந்த ஊர்ல என்ன நடந்திருக்கு?”

அந்த அக்கா நான்தான். இந்தக் கதை எனக்குத் துணிக்கொடியில் கிடைத்தது. எங்கள் மேற்குக் கடற்கரையில் மழை விட்ட நேரத்தில் துணி காயப்போடாமல் இருக்க முடியாது. ஆகவே விடுதியின் படுக்கை விரிப்புகளோடு நான் வேலியோரம் நின்றது தற்செயல். ஒரே விரிப்பை மூன்று தடவை உதறியது தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

சண்டை போட்டவர்கள் ரெவியும் அவன் மனைவி ஷோனாவும். இருவருமே பனியாற்றுப் பூங்காவில் வழிகாட்டிகள். சண்டைக்குக் காரணம், என் விடுதியில் தங்கியிருந்த நோலீன்.

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: “வெண்பனி மலையின் மடியில், காலம் உறைந்து நின்ற ஒரு”

வேண்டாம். இங்கே எதுவும் உறைந்து நிற்கவில்லை. பிரச்சினையே அதுதான்.

இன்னொன்று: “ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நோலீன், அன்பே உருவான முதிய”

அன்பே உருவா? நான் வைத்த மார்மைட் பசையை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்து தன் நாட்டு வெஜிமைட்டை எடுத்து ரொட்டியில் தடவியவள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்தாள். ஆணி அடித்த வாடகைப் பூட்ஸோடு ஓர் இளம்பெண். பக்கத்தில் ஒல்லியாக ஒருவன். இருவரும் பனிக்கட்டியின் மேல் நிற்கிறார்கள். பின்னால் பாறைச் சுவரிலிருந்து ஓர் அருவி குதிக்கிறது. குதிக்கிற விளிம்பு அவள் தோளுக்கு நேராக இருக்கிறது.

“இந்த இடத்தப் பாக்கணும். அதுக்குத்தான் டப்போலேர்ந்து வந்தேன்” என்றாள். கண்பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறதாம். அடுத்த வருடம் எதையும் நேராகப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதே தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்த்தாள், சுற்றுலாக்காரர் பையைக் குறிவைக்கும் எங்கள் மலையின் கியா கிளி மாதிரி.

3

[இந்தப் பகுதியில் ஒரு தப்பு இருக்கிறது. நான் எவ்வளவு அவசரக்காரி என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று திருத்தாமல் விடுகிறேன்.]

கணவனை இழந்த நோலீன், தேனிலவில் அவனோடு நின்ற இடத்தைப் பார்வை போவதற்குள் ஒருமுறை பார்க்க விரும்பினாள். ஆனால் அந்த இடம் இல்லை. அவர்கள் நின்றது பனியின் மேற்பரப்பில். அந்தப் பனி ஆற்றுப்படுகை வரை உருகி, பள்ளத்தாக்கின் மேல்கோடிக்குப் போய்விட்டது. அன்று அவள் கால் வைத்த இடம் இன்று வெறும் காற்று.

முதல் பிரதியில் ரெவியைப் புளுகனாக எழுதியிருந்தேன். மனசு ஒப்பவில்லை. அவன் அப்பா கோடரியால் பனியில் படி வெட்டி ஆட்களை மேலே கூட்டிப் போனவர். இவனோ கயிற்றுத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, தூரத்தில் சாம்பல் நிறக் கோடாகத் தெரிகிற பனியைக் காட்டுகிறான். ‘இங்கே இருந்தது, இங்கே இருந்தது’ என்று தினமும் சொல்கிறவனுக்கு ஒருநாள் அலுத்துப்போகாதா? உங்க இடம் போயிடுச்சு என்று அவளிடம் சொல்லத் தனக்கு வாய் வராது என்றான். ஷோனா விடவில்லை.

“அவ கண்ணு கடைசியாப் பாக்கப் போறது நீ பொறுக்கின கல்லா?”

4

மறுநாள் சுற்றுலா வண்டியில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போனேன்.

(கண்ணீர் உறைந்து பனியாறான பெண்ணின் கதையை ரெவி வழியில் சொன்னான். எல்லாச் சுற்றுலாவிலும் சொல்வதுதான். நான் தாண்டிப் போகிறேன்.)

ஆற்றுப்படுகையில் தூறல். தட்டையான ஒரு பாறையருகே ரெவி நின்றான்.

“இதுதான் ஆன்ட்டி. இங்கதான் நின்னிருக்கீங்க.”

ஷோனா கூட்டத்தின் கடைசியில் நின்று தன் பூட்ஸ் கயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நோலீன் பாறைமேல் ஏறினாள். தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

“தம்பி, அருவி குதிக்கிற எடம் அப்ப என் தோளுக்கு நேரா இருந்துச்சு. இப்ப எங்கயோ ஒசரத்துல இருக்கு. ஒண்ணு நான் குட்டையாயிட்டேன், இல்ல நீ புளுகுற.”

ரெவி அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான். கையை மட்டும் மேலே நீட்டினான். “அங்க ஆன்ட்டி. அந்தரத்துல. அவ்வளவு ஒசரத்துக்குப் பனி இருந்துச்சு. சொல்ல முடியல.”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். ஷோனா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நின்ற இடம் என்பதால்தான் இவன் இப்படி, என்று ஆரம்பித்தாள்.

“வீட்டுக்காரரா? யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே வைத்துக்கொண்டோம், நான் எழுதியும் வைத்துவிட்டேன். படத்தில் இருந்தவன் பெயர் டெஸ்மண்ட். பனிமேல் நின்று, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான்.

“கீழ போய்ச் சொல்றேன்னேன். கீழ வந்தா மழை, பஸ்ஸுக்கு ஓட்டம். அவனும் திரும்பக் கேக்கல, நானும் சொல்லல. அப்புறம் வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டேன். நல்ல மனுஷன்தான், போய்ச் சேந்துட்டாரு.”

என்ன பதில் சொல்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருப்பேனா?

“அத மேலயே சொல்லியிருக்கணும்” என்றாள். திரும்பவும் அந்த வெற்றுக் காற்றையே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

5

ஷோனாவின் தம்பி லாக்கி ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். மறுநாள் காலை, மேலே பனிவெளியில் இருந்தவர்களை அழைத்துவர அவன் காலி வண்டியோடு போக வேண்டியிருந்தது. “மச்சான், போற வழியில ஒரு நிமிஷம்” என்று ரெவியே போய்க் கெஞ்சினான்.

முடிவு அ: மேகம் இறங்கிவிட்டது, பறக்க முடியவில்லை, நோலீன் திரும்பிப் போனாள். இலக்கியத்துக்கு நல்லது. ஆனால் பொய்.

முடிவு ஆ: அந்தரத்தில் அவள் விம்மினாள், ரெவியும் கண் கலங்க

எனக்கெப்படித் தெரியும்? நான் கொடியருகே நின்றேன். தெரிந்தது இவ்வளவுதான்: ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கில் ஏறியது, அருவி விளிம்புக்கு நேராக வந்தது, நின்றது. ஒரு விரிப்புக்குக் கிளிப் மாட்டுகிற நேரம் அப்படியே நின்றது. (பூங்கா விதிப்படி அப்படி நிற்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.) பிறகு மேலே போய்விட்டது.

உள்ளே மூன்று பேர், மூவர் காதிலும் பேசிக் கேட்கும் ஹெட்செட். அவள் அங்கே சொன்னதை ரெவியும் லாக்கியும் கேட்டிருக்கிறார்கள். ரெவிக்கு இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் சுட்டுக் கொடுத்து விசாரித்தேன். சூடாகத் தின்று முடித்துவிட்டு, “அது அவங்க விஷயம்க்கா” என்றான்.

அந்த வசனத்தை நானே கற்பனை செய்து எழுதலாம். ஏழெட்டு எழுதிக் கிழித்தேன். எல்லாம் என் குரலில் இருந்தன. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

6

நிரப்பும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் எனக்கு அவசரமாக ரொட்டி தேவைப்பட்டது. அடுமனை இறங்குதளத்துக்கு எதிரில்தான். அங்கே வேலை செய்யும் ட்ரிஷை, “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிச் சொல்லியே லாக்கி பல குளிர்காலங்களாகக் காக்க வைத்திருந்தான். அன்று இறங்கியவன் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியபடியே நேராக உள்ளே வந்தான். வரிசையில் நின்ற எங்களைத் தாண்டிப் போய், எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டான்.

ட்ரிஷ் என் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அங்கேயே பதில் சொன்னாள்.

நோலீன் டப்போவுக்குத் திரும்பி, மகள் வீட்டோடு போய்விட்டாள். டெஸ்மண்ட் உயிரோடு இருக்கிறானா, தெரியாது. ரெவி அந்தப் பருவம் முழுக்கச் சுற்றுலாக்காரர்களை ஆற்றுப்படுகையில் நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைத்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் அவனும் ஷோனாவும் மலைக்கு அந்தப் பக்கம், வானகாவுக்குக் குடிபோனார்கள். பக்கத்து வீட்டுக்கு இப்போது குடிவந்திருப்பவர்கள் சண்டையே போடுவதில்லை. எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

லாக்கியும் ட்ரிஷும் ஹோகிடிகாவில், கொட்டுகிற மழையில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.