மாப்பிள்ளை உரித்த சட்டை

நான் ஒட்டடைக் கம்பை எடுத்தால் வீட்டில் ஒரு பூச்சி மிஞ்சாது. எனக்குப் போய் சிலந்தி ஆராய்ச்சி செய்கிற மருமகள் வாய்த்தாள்.

பல்கலைக்கழகத்தில் லேபுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம், அந்த நெடி சிலந்திகளுக்கு ஆகாதாம். ஒரு நாள் பை நிறைய சிலந்தி பாட்டில்களைக் கொண்டுவந்து என் தையல் அறை அலமாரியில் அடுக்கினாள். "இதையும் என் தலையில கட்டு!" என்று கத்தினேன். மகன் கப்பல் வேலையில் இருக்கிறான். வீட்டில் கத்துவதற்கு இவளை விட்டால் ஆள் கிடையாது.

"அத்தே, இந்தப் பாட்டில்ல இருக்கிற இவன் ஒருத்தனை மட்டும் பார்த்துக்குங்க. மத்ததெல்லாம் பொண்ணு. மூணு வருஷம் காடு காடா அலைஞ்சு கிடைச்ச ஒரே ஆண்."

"அப்ப இவன்தான் மாப்பிள்ளையா?"

"ஆமா. ஆனா இன்னும் வயசுக்கு வரல."

"அடிப்பாவி, பையன்கூடவா வயசுக்கு வருவான்?"

சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இந்த வகைச் சிலந்தியை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. பெண்களைப் பார்த்தால் வேறு ஒரு வகை மாதிரியே இருக்கும். வளர்ந்த ஆணின் முகத்தோரம் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும், வித்தியாசம் அதில்தான் தெரியும். காட்டில் சீசன் முடிந்துவிட்டது. இவன் பெரியவனாகாமல் போனால் அவள் ஆய்வேடு அம்போ.

அந்த வாரமே காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும், "மாப்பிள்ளைக்கு ஈ போட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். போட்டேன். அழுகின வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈக்களைப் பிடித்துப் போட்டேன். அவன் தாவிப் பிடிக்கிற அழகைப் பார்த்து, "மெதுவாத் தின்னுடா" என்று பேசவும் ஆரம்பித்துவிட்டேன். பிறகு திடீரென்று சாப்பாட்டைத் தொடவில்லை. நோயாளியிடம் இதைச் சொல்வானேன் என்று மறைத்தேன்.

ஒரு காலையில் பாட்டில் அடியில் காலெல்லாம் சுருண்டு கிடந்தான்.

மூடியைக் கழற்றி மேசையில் போட்டேன். அழுதுகொண்டே அவனைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"மன்னிச்சுக்கடி கண்ணு. மாப்பிள்ளை போயிட்டான்."

காகிதத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அத்தே! இது அவன் இல்ல. அவன் உரிச்சுப் போட்ட சட்டை. பாம்பு மாதிரி இவனும் உரிப்பான். பெரியவனாயிட்டான்! சரி, ஆள் எங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மூடிக்கு அடியில ஒட்டிக்கிட்டிருந்தானோ என்னவோ, நான் பாக்கல. பாட்டிலை மூடாம வந்துட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். கண்ணைத் திறந்து, "சாப்பிட்டீங்களா அத்தே?" என்றாள். நான் செத்தே போனேன்.

பிறகு அவளே வழி சொன்னாள். வளர்ந்த ஆண் ஓரிடத்தில் உட்காராது, பெண்ணைத் தேடித்தான் போகும். ஒரு பெண்ணின் பாட்டில் வாயை, வாசனை வெளியே வரும்படி துணியால் கட்டி அதே அறையில் வைக்க வேண்டும்.

அப்படியே வைத்தேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். மிஷினைத் தொடவில்லை, விளக்குமாற்றைத் தொடவில்லை, தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். "வந்துடுப்பா ராசா, அவ படிப்பே உன் கையிலதான் இருக்கு" என்று காலி அறையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால், அந்தத் துணிமேல் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன்மேல் டம்ளரைக் கவிழ்த்தேன்.

மருமகள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக லென்ஸ் வைத்துப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "கை ரெண்டும் முழுசா வந்திருக்கு. புது இனமேதான் அத்தே!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவள் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"இவனை இதுல போட்டுக் கெடாம வைக்கணும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இவனைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க."

"பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டானேடி. ஒரு நாளாவது சேர்த்து வெச்சா என்ன?"

"அவ இவனைத் தின்னுட்டா?"

சொல்லிவிட்டு அவளும் மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இதுபோல் எத்தனையோ சிலந்திகளைக் கொன்று வைத்தவள்தான். இப்போது கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷ உழைப்பு. வேறு வழியில்லை என்று எனக்கே புரிந்தது.

"கொடு, நானே ஊத்தறேன்" என்று பாட்டிலைப் பிடுங்கினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம் அத்தே. அவனுக்குச் சோறு போட்ட கை இது. நீங்க போய் டீ போடுங்க."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். நான் அடுக்களைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அவள் கூப்பிடும்வரை அழுதேன்.