இருபத்தோராம் நாள் கத்தல்

மந்தைவெளியில் அந்தச் சந்துக்குள் யார் வீட்டுச் சங்கதியும் ஒளித்து வைக்க முடியாது. முத்தம்மாவின் எருமை பவுனுக்குச் சினை ஊசி போட்ட தேதிகூட எல்லாருக்கும் மனப்பாடம்.

முதல் இரண்டு ஊசியும் வீண். பால் வற்றி ஐந்து மாதம். மூன்றாவதும் தங்காவிட்டால் அடிமாட்டுக்குத்தான் என்று புருஷன் சுப்பராயன் சொல்லிவிட்டான். பவுனு முத்தம்மாவின் முதல் எருமை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசி போட்ட இருபத்தோராம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வராவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று நம்பலாம். எதிர்வீட்டு மாடி விஜயலக்ஷ்மி மாமி அந்தத் தேதியைத் தன் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். எருமை முத்தம்மாவுடையது என்றாலும் கவலை மாமியுடையது.

அன்று சாயங்காலம் பவுனு தொண்டை கிழியக் கத்தியது.

"போச்சுடி முத்தம்மா! பருவத்துக்கு வந்துடுத்து. எங்க பொறந்தாத்துல மூணு பசு இருந்தது, நேக்குத் தெரியாதா?" என்று மாமி மாடியிலிருந்தே தீர்ப்பு வழங்கினாள்.

அதற்கப்புறமும் பவுனு வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் கத்திக்கொண்டுதான் இருந்தது. முத்தம்மா புருஷனை இன்று நாளை என்று ஐம்பது நாள் இழுத்தடித்தாள். கடைசியில் அவன் வியாபாரி வெள்ளைத்துரையை வரச் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை காலை அந்த ஆள் வருவதற்குள் முத்தம்மா ஓடிப்போய் ஊசிக்காரர் ஷரஃபுதீனைக் கூட்டிவந்தாள்.

"பாய், இன்னொரு ஊசி போடு. நேத்துகூட கத்திச்சு."

"இரும்மா. கை வுட்டுப் பார்க்காம நான் ஊசியத் தொட மாட்டேன்."

ஷரஃபுதீன் முழங்கை தாண்டி சோப்பு நுரை தடவிக்கொண்டு, பவுனின் பின்பக்கம் கையை நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைத்துரை தாம்புக்கயிற்றோடு சந்துக்குள் நுழைந்தான். மாமி மாடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே தள்ளியிருந்தாள்.

"இன்னா பாய், ஏதாவது சொல்லேன்!" என்றாள் முத்தம்மா.

"சினைம்மா. ரெண்டு மாசம் தாண்டிப்போச்சு. இப்ப ஊசி போட்டிருந்தா நாமளே கலைச்சிருப்போம்."

முத்தம்மா சாணித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப... அது ஏன் கத்துச்சு?"

"எருமை பருவத்துக்கு வந்தா பசு மாதிரி ஊரைக் கூட்டாது. கமுக்கமா இருக்கும். யாரு சொன்னது உனக்கு?"

சந்து முழுக்க மாடியைப் பார்த்தது. மாமி துணி காயப்போடுவதுபோல் திரும்பிக்கொண்டாள், கையில் துணி இல்லாவிட்டாலும்.

அப்போது தெருமுனையில், வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் வரும் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை, குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. பவுனு தலையைத் தூக்கி, சந்து அதிர ஒரு கத்தல் கத்தியது. குளித்து எத்தனை நாளாயிற்றோ! சுப்பராயன் வெள்ளைத்துரையைப் பார்க்கக் கூசி, காலி பீடிக்கட்டைத் தடவினான்.

"நைனா, நீ கெளம்பு," என்றாள் முத்தம்மா வியாபாரியிடம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

லாரி வரிசையில் நாற்பது குடம். வழக்கமாக ஒரு குடம் முந்தினால் முடியைப் பிடித்துக்கொள்ளும் சந்து அது. முத்தம்மா இரண்டு வாளியோடு நேராக முன்னால் போனாள். குடங்கள் நகர்ந்து வழிவிட்டன. மாமி வீட்டில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தோடு இறங்கிவந்து, அதைப் பவுனின் முதுகில் கவிழ்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் அன்னிக்கே சொல்லலை? இது தண்ணிக்குக் கத்தறதுன்னு!"

"இன்னொரு குடம் ஊத்து மாமி," என்றாள் முத்தம்மா.