நாகமணி வீட்டில் யாருக்கும் பிடிக்காத நாவல்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. மறதி நோயில் விழுந்த ஒரு பெரியவரையும் அவர் குடும்பத்தையும் பற்றிய நாவலைப் படித்துவிட்டு நாலு பேர் உதட்டைப் பிதுக்கிப் பேசியது என் காதில் விழுந்தது. நாவல் நான் எழுதியதல்ல. அதனால் சந்தோஷமாகவே கேட்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘பிளானோவின் மேல் அன்று மாலை வானம் மெல்ல’

வேண்டாம். இந்தக் கதையில் வானத்துக்கு வேலையில்லை. நாகமணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

நாகமணிக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவர் வெங்கடாசலம் ரிட்டயர்ட் இன்ஜினியர். இருவரும் இப்போது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில். மகள் ரோஷினி தொலைவில், கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கிறாள். பிளானோவில் தமிழ் வாசிக்கிறவர்கள் சிலர் மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். எந்த வீடோ அந்த வீட்டுக்காரர் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மாதம் நாகமணி வீடு.

(ஒரு விஷயத்தை இங்கேயே உடைத்துவிடுகிறேன், ஒளித்துவைத்துப் பயமுறுத்தும் எண்ணமில்லை. வெங்கடாசலத்துக்கும் அதே நோய்தான். ஒரு வருடமாக. மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? நம் ஆட்கள் கூடுகிற எந்த இடத்திலும் அங்கிள்மார் ‘எந்த ஊரு’ என்று கேட்பார்கள், பதிலை வாங்கிக்கொண்டு வடையை எடுப்பார்கள், திரும்பி வந்து மறுபடி கேட்பார்கள். அதில் வெங்கடாசலம் பத்தோடு பதினொன்று.)

அவரைத் தனியாக விட்டு நாகமணியால் வெளியே போக முடியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும், சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் படிப்பார்கள், படித்துவிட்டு வெங்கடாசலத்தைப் பார்ப்பார்கள், யாராவது ஒருவர் சமையலறைக்கு வந்து ‘அங்கிளுக்கு உடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்பார். திட்டம் அவ்வளவுதான்.

3

“தப்பா நினைக்காதீங்க ஆன்டி, செம போர்” என்றாள் கூட்டத்துக்கு வந்திருந்த அதிதி. “அந்த மனுஷன் ஒரே கேள்விய பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்கார். எடிட் பண்ணியிருக்கலாம்.”

மதனுக்கு வேறு குறை. “கடைசியில ஏதாவது நடக்கும்னு வெயிட் பண்ணேன். ஒண்ணு குணமாகணும், இல்ல போய்ச் சேரணும். சும்மா அப்படியே நின்னுருச்சு.”

“தம்பிக்கு எந்த ஊருங்க?” என்றார் சோபாவிலிருந்த வெங்கடாசலம்.

“தாராபுரம் அங்கிள்.”

“அட, நல்லாக் காத்தடிக்குமே.”

நாகமணி அரிசிம்பருப்புச் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே மதன் முகத்தைப் பார்த்தார். மதன் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“தாராபுரம் அங்கிள்” என்று அதே மரியாதையோடு சொல்லிவிட்டு மதன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அதுலயும், கூடப் பழகுறவங்க யாருக்குமே தெரியலையாம். நம்புற மாதிரியா இருக்கு? லாஜிக்கே இல்ல.”

(நியாயமாக வெங்கடாசலம் இங்கே மூன்றாவது தடவையும் கேட்கவேண்டும். எழுதினேன். அதிதிக்குப் பயந்து அடித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டார்.)

வந்தவர்களுக்கு நாவல் மேல் ஏமாற்றம். நாகமணிக்கு வந்தவர்கள் மேல். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு கரண்டி சாதத்தை மதன் தட்டில் கேட்காமலே போட்டார்.

4

முடிவு ஒன்று: மதனுக்குச் சட்டென்று புரிந்துபோய்க் கண் கலங்குகிறது. (எழுதிப் பார்த்தேன். மதனே நம்பமாட்டார்.)

முடிவு இரண்டு: ரோஷினி வந்து இறங்கி, அப்பாவைக் கட்டிக்கொண்டு (அவளுக்கு லீவு இல்லை. எனக்கும் அவ்வளவு துணிச்சல் இல்லை.)

நடந்தது இதுதான். போய்வருகிறோம் என்று எழுந்தவர்கள், வழக்கம்போல வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே இன்னொரு கூட்டம் போட்டார்கள். அடுத்த மாதம் சந்தோஷமான புத்தகமாகப் பார்க்கலாம் என்றாள் அதிதி.

“ஒரு நிமிசம்” என்றார் நாகமணி. “அந்த நாவல்ல வர்ற பெரியவருக்கு இருக்கறதுதானுங்க இவருக்கும். ஒரு வருசமாச்சு.”

ஷூ கட்டுகிற கைகள் நின்றன. மதன் நிமிரவில்லை.

“தம்பி, முடிவே இல்லைன்னீங்க. எங்க வீட்லயும் இல்லீங்க. நான் தனியா வெளிய போயி ரொம்ப நாளாச்சு. சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் யாராச்சும் வந்து இவருகூட உக்கார முடியுங்களா?”

5

மதனின் பதிலை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ‘கண்டிப்பா வர்றேன் ஆன்டி’ என்று சொல்லவைத்தால், இனிப்பைத் தடவி முடித்துவிட்டேன் என்பீர்கள். கேலண்டரைப் பார்த்துச் சொல்வதாக மழுப்பவைத்தால், எனக்கு மனிதர்களையே பிடிக்காது என்பீர்கள். எப்படியும் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஆகவே மதனை வாசலிலேயே விட்டுவிடுகிறேன்.

நாகமணி மதனை மட்டும் கேட்கவில்லை. யாராச்சும் என்றுதான் கேட்டார். சனிக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?