சிரபுஞ்சியில் டிசம்பர்

அன்றைக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டிலிருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் ஞானதாஸ், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிரே கட்டில் விளிம்பில், உட்கார்ந்தும் உட்காராமலும், வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியருமான அவர் தம்பி ராயப்பராஜ். நிலைப்படியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியபடி ஞானதாஸின் மனைவி இஞ்ஞாசியம்மாள். தையல் மிஷின் பலகை மேல் ராயப்பராஜின் மகள் ஐரின், பத்தாம் வகுப்பு. ராயப்பராஜின் மனைவி ஏஞ்சலினுக்கு மட்டும் இன்ன இடம் என்று குறித்துச் சொல்ல முடியாது. அவள் முன்னறைக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். திண்டுக்கல்லில் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு குடங்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன.

1994 ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்த நேரம். பேச்சு ஏஞ்சலினின் எல்.டி.சி.யைப் பற்றியது.

ஏஞ்சலின் கன்னிவாடி தபால் அலுவலகத்தில் எழுத்தர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். மத்திய அரசு ஊழியர் என்பதால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, குடும்பத்தோடு இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வரச் சர்க்கார் பயணச்செலவு தரும். அதுதான் எல்.டி.சி. போகாவிட்டால் அந்த நான்கு வருஷத்துச் சலுகை போனது போனதுதான். ஏஞ்சலினின் முதல் தவணை ஐரின் பிறந்ததில் போயிற்று, இரண்டாவது இந்த வீட்டைக் கட்டியதில், மூன்றாவது ஞானதாஸின் மகள் கல்யாணத்தில். நாலாவதற்கு வரும் டிசம்பர் முப்பத்தொன்றோடு கெடு. போகும் இடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"இந்தியாவுல நான் பாக்காத எடம் கிடையாது. கேளுங்க, சொல்றேன்," என்றார் ஞானதாஸ்.

"பெரியப்பா, உங்க டூட்டியே மதுரையிலருந்து திருச்சி வரைக்கும்தான?"

"பாஸ் இருந்துச்சுல்ல, கழுதை! ஆக்ரா போயிருக்கேன். பிளாட்பாரத்துல நின்னாலே தாஜ்மஹால் தெரியும்."

"தெரிஞ்சுச்சா?"

"அன்னைக்குப் பனி."

ஐரின் மிஷின் மேலிருந்து விழுந்துவிடுவது போலச் சிரித்தாள். ராயப்பராஜ் கூடப் பல்லைக் காட்டிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"ஆக்ரா, டெல்லி எல்லாம் இன்னொரு நாளைக்கு," என்று இஞ்ஞாசியம்மாள் காலை மடக்கினாள். அவள் காலை மடக்கினால் விஷயம் முடிவுக்கு வருகிறது என்று அர்த்தம். "கோவாவுல இந்த வருசக் கடைசியில சவேரியாரோட திருவுடலை வெளியில வைக்கிறாக. பத்து வருசத்துக்கு ஒருக்கா. அடுத்த தடவைக்கு நான் இருப்பேனோ என்னமோ. நாங்க எங்க கைக்காசு போட்டு வாரோம். நீங்க சர்க்கார் செலவுல வாங்க. என்ன ஏஞ்சலு?"

குழாய் உஸ்ஸென்றது. ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏஞ்சலின் ஒரு குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துக் குனிந்து காத்திருந்தாள். காற்றுதான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

குனிந்தபடியே அவள் சொன்னாள். "நான் சிரபுஞ்சிக்குப் போகலாம்னு பாத்தேன்."

"எங்க?"

"சிரபுஞ்சி. மேகாலயாவுல. ரொம்ப மழை பெய்யுற ஊரு. அருவிக எல்லாம் இருக்காம், மலை உச்சியிலருந்து அப்படியே விழுமாம்."

ஞானதாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா, மழையில நனையறதுக்கா அம்புட்டு தூரம்? கொடைக்கானல் பஸ்ஸுல ஏறுனா மூணு மணி நேரத்துல நனைஞ்சிட்டு வந்துரலாமே!"

"அருவிதான வேணும்? குத்தாலம் இருக்கு," என்றார் ராயப்பராஜ், தன் பங்குக்கு.

"புனிதரை விட்டுட்டு மழையைப் பாக்கப் போனேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவியா? சாமியாரே சிரிப்பாரு," என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

ஏஞ்சலினுக்குச் சவேரியார் மேல் ஒரு குறையும் இல்லை. அவள் மனதில் இருந்ததை அந்த அறையில் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் பாதியை அவள் குழாயடியில் நின்றே கழித்திருக்கிறாள். தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான் துணி துவைப்பதும், தலைக்குக் குளிப்பதும், விருந்துக்கு ஆளை வரச்சொல்வதும். தண்ணீர் கொட்டுவதைக் கண்டும் யாரும் ஓடிப்போய்ப் பாத்திரம் வைக்காத ஊரில் ஒரே ஒரு நாள் சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகப் பதினெட்டு நாளைக்கு முன்பே, 'போஸ்ட்மாஸ்டர், சிரபுஞ்சி' என்று முகவரி எழுதி, டிசம்பரில் அங்கே மழை எப்படி என்று கேட்டு ஒரு கடிதமும் போட்டிருந்தாள். பதில் வரவில்லை.

"அப்ப கோவா, டிசம்பர்," என்றார் ஞானதாஸ். "எழுதிக்கம்மா."

பாரத்தில் அவள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். இடம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டு மடித்தாள். அன்று முழுக்கத் தண்ணீர் வரவில்லை. அவளும் ஓரிடத்தில் உட்காரவில்லை.

மறுநாள் கன்னிவாடியில் காலைத் தபால் பையைப் பிரித்துக் கொட்டியபோது, கட்டுக்குள்ளிருந்து ஓர் உறை தனியாக நழுவியது. வாய் ஒட்டப்படவில்லை. வெள்ளை நூலால் நாலு தையல் போட்டுக் கட்டியிருந்தது. முத்திரை மை ஓரங்களில் ஊறிப் பரவியிருந்தாலும் சிரபுஞ்சி என்ற ஊர்ப் பெயரைப் படிக்க முடிந்தது. அவள் மூக்கருகில் கொண்டுபோனாள். ஈரத்துணியை மடித்து வைத்த வாசம்.

"யாருடி அது, கவரைத் தச்சு அனுப்புறது?" என்று எட்டிப் பார்த்தாள் காதர் பீவி. அலுவலகத்துக்கு அவள்தான் போஸ்ட்மாஸ்டர். ஏஞ்சலின் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆங்கிலத்தில், அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் எழுதிய ஒரு பக்கக் கடிதம். ஏஞ்சலின் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள்.

'அன்புள்ள சகோதரி, உறையைத் தைத்ததற்கு மன்னிக்கவும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் இங்கே உறைகளின் பசை நாம் ஒட்டுவதற்கு முன்பே தானாக ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் கிழிகிறது. டிசம்பரில் மழை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் இங்கே மழை கிடையாது. அருவிகள் நூலாகிவிடும். என் மனைவியும் பிள்ளைகளும் கீழே ஊற்றுக்கு இறங்கித் தகர டின்களில் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். நீங்கள் ஜூலையில் வாருங்கள். ஜூலையில் இங்கே யாருக்கும் டிசம்பர் ஞாபகம் இருக்காது.'

ஏஞ்சலின் கடிதத்தை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கவுன்ட்டரில் மணியார்டருக்கு நின்றவரிடம் அஞ்சல்தலையை நீட்டினாள்.

"அங்கயும் தண்ணி சொமக்காகளாம்க்கா."

"அதுக்கு ஏண்டி இப்படி மொகத்தைத் தொங்கப் போடுற? ஜூலையில வரச்சொல்லித்தான எழுதியிருக்கான் மனுசன்."

"ஜூலையில அவுகளுக்குப் பள்ளிக்கூடம். ஐரினுக்குப் பத்தாவது. எல்லாருக்கும் டிசம்பர்தான் தோது. கோவான்னு முடிவே பண்ணியாச்சு."

காதர் பீவி எழுந்து போய், இரும்பு அலமாரியின் மேல் தட்டிலிருந்து அட்டை கழன்ற விதிப்புத்தகத்தை எடுத்து வந்தாள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி ஒரு வரியில் விரலை ஊன்றினாள். "கண்ணைத் தொறந்து படி."

ஊழியரும் குடும்பத்தாரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ, ஒரே இடத்துக்கோ வெவ்வேறு இடங்களுக்கோ போகலாம் என்று அதில் இருந்தது.

பத்தொன்பது வருஷம் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஏஞ்சலின். அந்த வரி கண்ணில் பட்டதே இல்லை. குடும்பம் ஓரிடம், நான் ஓரிடம் என்று கேட்கத் தோன்றியிருந்தால்தானே தேடியிருப்பாள்.

"தனியாவாக்கா?"

"மெட்ராஸ்ல ஏறுனா கௌகாத்தி. அங்கிட்டு பஸ்ஸு. எறங்குற ஊருல போஸ்டாபீஸ் இருக்கு. நமக்கு வேற என்ன துணை வேணும்?"

இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்தது. ஏஞ்சலின் மூன்று தடவை டெலிபோன் பக்கம் போய்த் திரும்பினாள். நாலாவது தடவை கணவரின் பள்ளிக்கூடத்துக்கு எண்ணைச் சுழற்றினாள். அவரைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிஷம் ஆனது. அவள் விதியைச் சொன்னாள். ஜூலைக் கடைசியில் பன்னிரண்டு நாள், தான் மட்டும் சிரபுஞ்சி. டிசம்பரில் அவரும் ஐரினும் அண்ணன் குடும்பத்தோடு கோவா.

அந்தப் பக்கம் வகுப்பில் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு மேலே அவர் குரல் வந்தது.

"அண்ணன் என்ன சொல்லும்?" என்றார் ராயப்பராஜ்.

"கோவாவுக்கு நீங்க வாரீகன்னு சொல்லுங்க. அதுல பொய் இல்லையே."

"ஒத்தையில, அம்புட்டுத் தூரம்..."

"போயிட்டு வந்துருவேங்க."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ இல்லாதப்ப தண்ணி வந்துச்சுன்னா யாரு பிடிக்கிறது?"

அவர் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ஏஞ்சலினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, பிரசவம், வீடு, கல்யாணம் என்று எதைச் சொன்னாலும், மூன்று தவணையும் போனதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று பட்டது.

"குடம் பன்னெண்டு இருக்கு. சிவப்புக் குடம் ஒழுகும், அதைக் கடைசியில வைங்க," என்றாள்.

"சரி," என்றார் அவர். அது சம்மதமா, குடத்தைப் பற்றியதா என்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வைத்துவிட்டாள்.

மணி மூன்றரை. தபால் பை நாலே கால் பஸ்ஸில் போக வேண்டும். பழைய பாரத்தைக் கிழித்துப் புதிதாக இரண்டு எழுதினாள். குடும்பத்தாருக்கான பாரத்தில் 'கோவா'. தன் பாரத்தில், பேனா ஒரு தடவை நின்று பிறகு ஓடியது, 'சிரபுஞ்சி, மேகாலயா'. காதர் பீவி இரண்டிலும் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். "வாரப்ப எனக்கு ஒரு குடை வாங்கிட்டு வா. அங்க நல்ல குடையா விப்பான்."

கோட்ட அலுவலக முகவரி எழுதிய காக்கி உறைக்குள் இரண்டையும் வைத்து, பசைக் கிண்ணத்தைத் திறந்தால், உள்ளே பசை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. உறையின் விளிம்பிலும் ஈரம் ஏற்காத பழைய பசை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நாலே கால் வண்டி நாலு மணிக்கே வந்துவிட்டது.

ஏஞ்சலின் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள். பத்து நாளைக்கு முந்திப் பிடித்ததில் கடைசி இரண்டு மடக்கு. அதைக் கிண்ணத்தில் ஊற்றி, குச்சியால் நசுக்கிக் குழப்பி, உறையின் வாயில் தாராளமாகத் தடவினாள். ஓரத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தி முத்திரை குத்தி, பைக்குள் போட்டுக் கழுத்தை இறுக்கிக் கட்டி, உருகிய அரக்கை வைத்து அச்சைப் பதித்தாள். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கையில் கொடுத்தாள்.